அவுட்டர் பேங்க்ஸ் ட்ரிப்பா? கடல் பக்கம் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க

அமெரிக்கால நார்த் கரோலைனா மாநிலத்துல இருக்கற அவுட்டர் பேங்க்ஸுக்கு, அதோட தலைநகர் ராலேலருந்து மூணு, மூணரை மணி நேரத்துல போயிடலாம். அதனால நம்ம ஃபேமிலி நாலஞ்சு சேந்து பெரிய வீடா எடுத்து ஒரு வாரம் தங்கறது சகஜமாயிடுச்சு, ஆனா பாதி பேர் வாரம் பூரா வீட்டுக்கு எதிர்ல இருக்கற கடல்லயே இருந்துட்டு திரும்பிடறாங்க, அத கேக்கறப்ப எனக்கு நெஜமாவே ஆதங்கமா இருக்கும். இது நீளமா ஒல்லியா கிடக்கற மணல் தீவு வரிசைங்க. கிழக்கால அட்லாண்டிக், மேற்கால சவுண்ட்னு சொல்ற பெரிய காயல், தண்ணி பல இடத்துல இடுப்பளவுதான். அதனால காலைல கடல், சாயங்காலம் சவுண்ட், இப்படி நாள பிரிச்சுக்கங்க.

காலைல சூரியன் கடல்லருந்து எழும்பறப்பவே எறங்கிடுங்க, வெயில் இருக்காது, கூட்டமும் இருக்காது. முந்தின நாள் காத்து பலமா அடிச்சிருந்து, தண்ணி வத்தற நேரமும் அமைஞ்சா நல்ல சங்கு கிடைக்கும். ஸ்காட்ச் பானட்னு ஒண்ணு இருக்கு, 1965லயே அந்த மாநிலத்தோட அதிகாரப்பூர்வ சங்கா அறிவிச்சது, தெக்கால இருக்கற ஹாட்டரஸ், ஒக்ரகோக் தீவுங்க பக்கம் தேடிப் பாருங்க.

கடல்ல எறங்கறதுல மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். அலை சின்னதா தெரியறப்பகூட ரிப் கரண்ட், அதாவது கரைலருந்து கடலுக்குள்ள இழுக்கற நீரோட்டம் இருக்கும், இழுத்துட்டுப் போச்சுன்னா கரைய பாத்து எதிர்த்து நீந்தாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து அப்புறம் கரைக்கு வாங்க, முடியலன்னா மிதந்துகிட்டே கைய ஆட்டிக் கூப்பிடுங்க. சிவப்புக் கொடி பறந்தா அன்னிக்கு தண்ணிய மறந்துடுங்க. கேப் ஹாட்டரஸ் நேஷனல் சீஷோர்னு அரசு பாதுகாக்கற கடற்கரைல பெரும்பாலான இடத்துல லைஃப்கார்டு கிடையாது, குழந்தைங்க இருந்தா கொக்கினா பீச் மாதிரி சம்மர்ல லைஃப்கார்டு நிக்கற இடமா பாத்துப் போங்க. பசங்க மணல்ல ஆழமா குழி தோண்டவும் விடாதீங்க, சரிஞ்சா மூச்சு முட்டிடும், தோண்டின குழிய மூடிட்டுத்தான் கிளம்பணும். கடலாமை முட்ட போட கரையேறுற பீச் இது, நைட்டு சேர், டென்ட் எதையும் அங்க விட்டுட்டு வராதீங்க.

மத்தியானம் வெயில் ஏறினதும் ரைட் பிரதர்ஸ் மெமோரியல் போங்க. 1903 டிசம்பர் 17ல பறந்த இடமேதான். மொத தடவ 12 செகண்ட்ல 120 அடி, அன்னிக்கே நாலாவது தடவ 59 செகண்ட்ல 852 அடி. ஒவ்வொண்ணும் எறங்கின எடத்துல கல்லு நட்டிருக்காங்க, பசங்கள அந்தக் கோட்டுலயே ஓட விடுங்க, புஸ்தகத்துல படிச்சது கால் வழியா புரிஞ்சிடும்.

சாயங்காலத்துக்கு என் மொத சாய்ஸ் நாக்ஸ் ஹெட் ஊர்ல ஜாக்கீஸ் ரிட்ஜ் ஸ்டேட் பார்க். கிழக்குக் கரையிலயே ஒசரமான மணல்மேடு, நுழைய காசு கிடையாது, பட்டம் விட இதவிட நல்ல எடம் இல்ல. பகல்ல மணல் கால சுட்டுடும், ஷூ போட்டுக்கங்க. அதே பார்க்குக்கு சவுண்ட் பக்கம் தனியா ஒரு என்ட்ரி இருக்கு, சின்னக் குழந்தைங்க முழங்கால் தண்ணில பயமில்லாம வெளையாடலாம், தாத்தா பாட்டி ஊர்லருந்து வந்திருந்தா அவங்களும் கால நனைச்சுகிட்டு நிம்மதியா நிக்கலாம். தெக்கால போனா சால்வோ டே யூஸ் ஏரியாவும் இதே மாதிரிதான். சூரியன் தண்ணிக்குள்ள எறங்கறத இந்தப் பக்கத்துலருந்துதான் பாக்க முடியும்.

ஒரு முழு நாள, தீவு நெடுக தெக்கால போற ஹைவே 12 ரோட்டுக்கு ஒதுக்குங்க. போற வழில ரொடாந்திங்கற ஊர்ல கடல் வீடுகள முழுங்கிட்டு வருது, 2020க்கு அப்புறம் பத்து வீட்டுக்கு மேல விழுந்திருக்கு, அங்க மணல்ல ஆணி கிடக்கும், வெறும் கால்ல நடக்காதீங்க. அப்புறம் பக்ஸ்டன்ல கருப்பு வெள்ள கோடு சுத்தின ஹாட்டரஸ் லைட்ஹவுஸ். கடல் கிட்ட வந்துட்டதால 1999ல அந்த மொத்த செங்கல் கோபுரத்தையும் அப்படியே 2,900 அடி உள்ள நகர்த்தி வச்சாங்க, இந்தத் தீவு நின்ன எடத்துல நிக்கறதில்லன்னு அங்க போனா கண்ணால தெரியும். பீச்ச ஒட்டின மணல்மேட்டு மேல ஏறாதீங்க, அதுல வளர்ற புல்ல பிடுங்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான், மணல பிடிச்சு வைக்கறதே அந்தப் புல்லோட வேருதான். ஹாட்டரஸ் ஊர்லருந்து ஒக்ரகோக் தீவுக்கு கார் ஏத்தற ஃபெர்ரி ஃப்ரீ, சம்மர்ல க்யூ நீளும், காலைலயே போயிடுங்க.

கொரோலாங்கற ஊர்ப் பக்கம் திரியற காட்டுக் குதிரைங்கள பாக்கணும்னா தார் ரோடு முடிஞ்சு மணல்லயே போகணும், ஃபோர் வீல் டிரைவ் இல்லாம முடியாது, டயர் காத்த 20 பிஎஸ்ஐக்கு எறக்கணும். பழக்கமில்லன்னா டூர் ஜீப்ல போறதுதான் புத்திசாலித்தனம். 50 அடி தள்ளியே நில்லுங்க, ஆப்பிள் கேரட் எதுவும் குடுக்காதீங்க, குதிரைக்கும் கெடுதல், சட்டப்படியும் தப்பு.

சாப்பாடு: இட்லி மாவு, குக்கர், மசாலாப் பொடி எல்லாம் வீட்டுலருந்தே கொண்டு போயிடுங்க. மீனும் நீல நண்டும் அங்கயே ஃப்ரெஷ்ஷா வாங்கி குழம்பு வைக்கலாம். நீங்களே தூண்டில் போடறதா இருந்தா 16 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸ் வேணும். ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன், புக் பண்றப்பவே ட்ராவல் இன்சூரன்ஸ் எடுத்துடுங்க, காலி பண்ணச் சொன்னா அன்னிக்கே கெளம்பிடுங்க, ஹாட்டரஸ் பக்கத்துலருந்து வெளிய வர அந்த ஹைவே 12ங்கற ஒத்த ரோடுதான், அதுலயும் கடல் ஏறிடும்.