உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பு புதிய பூட்டில்தான் போகிறதா? பார்த்துவிடலாம்

வாடகைக்கு எடுத்த சர்வரோ, வீட்டு மூலையில் ஓடும் ராஸ்பெரி பையோ, தூரத்திலிருந்து உள்ளே நுழைய நம்மில் பலர் நம்பியிருப்பது, மறையாக்கம் செய்த எஸ்எஸ்எச் இணைப்பைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1999 முதல் இதை இலவசமாகத் தருகிறார்கள். அண்மைப் பதிப்புகளில் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் கணினி, சர்வர் என்ற இரண்டு முனைகளும் புதிதாக இருந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். கட்டளைகள் தட்டும் டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் பதிப்பு எண். எஸ்எஸ்எச் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் பெரிய எழுத்து ‘வி’யும் சேர்த்து என்டர் தட்டுங்கள். உபுண்டு 24.04 என்றால் 9.6 என்று காட்டும். பழசாயிற்றே என்று பதற வேண்டாம். 2006இல் அடைத்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று, 2021இல் வந்த 8.5 பதிப்பில் தெரியாமல் மறுபடி திறந்துகொண்டது. 2024 ஜூலையில் குவாலிஸ் ஆய்வாளர்கள் அதை வெளியே சொன்னார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் குழு 9.8இல் அதை அடைத்தது. உபுண்டு அந்தத் திருத்தத்தைத் தன் 9.6இலேயே சேர்த்துக் கொடுத்தது. ஆக, எண்ணைவிட வழக்கமான அப்டேட்தான் முக்கியம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த படி. வழக்கம்போல் சர்வருக்குள் போங்கள். இந்த முறை சிறுகோடும் சிறிய எழுத்து ‘வி’யும் சேர்த்து. திரையில் ‘டீபக்’ என்று தொடங்கும் வரிகள் மளமளவென்று ஓடும். அவற்றில் ‘கெக்ஸ்: அல்காரிதம்’ என்ற வரியைத் தேடுங்கள். இந்த இணைப்பைப் பூட்டும் தற்காலிகச் சாவியை இரு முனைகளும் பேசி முடிவு செய்த முறையின் பெயர் அங்கே இருக்கும். ‘எம்எல்கெம்’ என்று தொடங்கினால் மிகப் புதிய முறை. 2025 ஏப்ரலில் வந்த 10.0 முதல் அதுவே இயல்பு. ‘எஸ்என்ட்ரப்’ என்றாலும் நல்லதுதான், 2022இல் 9.0 கொண்டுவந்த இயல்பு அது. வெறும் ‘கர்வ்’ என்று தொடங்கினால் ஏதோ ஒரு முனை பழையது.

இதில் என்ன இருக்கிறது? இன்று உங்கள் இணைப்பைப் பதிவுசெய்து வைத்துக்கொள்பவர், நாளை பெரிய குவாண்டம் கணினி கிடைத்ததும் அதைத் திறந்து படித்துவிடலாம். முதலிரண்டு முறைகளும் அதைத் தடுக்கவே உருவானவை. 10.1 முதல், பழைய முறையில் இணைந்தால் எஸ்எஸ்எச்சே எச்சரிக்கும்.

சரி, இனி பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே நுழைய உதவும் உங்கள் சொந்தச் சாவி. எஸ்எஸ்எச்-கீஜென் என்று மட்டும் தட்டினால் போதும், 9.5 முதல் இடி25519 வகைச் சாவியைத் தானே உருவாக்கும். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதவா என்று கேட்டால் ‘என்’ கொடுங்கள், பழைய சாவி போனால் திரும்பி வராது. கடவுச்சொற்றொடரை வெறுமையாக விடாதீர்கள். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். பிறகு, சர்வருக்குக் கொடுக்க வேண்டிய பாதியான பொதுச் சாவிக் கோப்பைத் திறந்து பாருங்கள். சாவிப் பகுதி வெறும் 68 எழுத்துகள். பழைய 3072 பிட் ஆர்எஸ்ஏ என்றால் 500க்கும் மேலே போகும்.

எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் அதைச் சர்வரில் சேருங்கள். அப்புறம், திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிய சாவியோடு நுழைந்து பாருங்கள். அது வேலை செய்த பிறகே சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்துங்கள். சர்வர் பக்க நிரலான எஸ்எஸ்எச்டியை மறுதொடக்கம் செய்யும் முன், நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு எஸ்எஸ்எச்டி, சிறுகோடு, சிறிய ‘டி’ என்று தட்டுங்கள். எதுவும் சொல்லாமல் திரும்பினால் அமைப்புக் கோப்பில் பிழை இல்லை. பெரிய ‘டி’ போட்டால் உண்மையில் நடப்பில் இருக்கும் அமைப்புகள் வரும். பாஸ்வேர்ட் வரியில் ‘நோ’ இருக்கிறதா பாருங்கள். கிளவுட் சர்வர்களில் துணைக் கோப்பு ஒன்று அதை ‘யெஸ்’ என்றே வைத்திருப்பதுண்டு.

கடைசியாக ஒன்று. 9.8 முதல், தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் முகவரியைச் சர்வர் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கும். ஒரே முகவரி வழியாக வெளியே போகும் அலுவலகத்தில் ஒருவர் தடுமாறினால் எல்லோருக்கும் கதவு மூடும். சர்வர் படுத்துவிட்டது என்று ரீபூட் செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அடிக்கடி நடந்தால் அந்த முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.