கூப்பிட்டாலே புகார்தானா? வடசென்னைத் தொடக்கப் பள்ளிகளில் உறவைக் கெடுக்கும் தவறுகள்

"நாளைக்குப் பள்ளிக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்" என்று வகுப்பாசிரியரிடமிருந்து சேதி வந்தால், தண்டையார்பேட்டையானாலும் வியாசர்பாடியானாலும் பெரும்பாலான தாய்மார்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன செய்து தொலைத்தான்?" பையன் ஒன்றும் செய்திருக்க மாட்டான். ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியிருப்பான்; இல்லாவிட்டால் ஆதார் நகல் கேட்க அழைத்திருப்பார்கள். ஆனால் பள்ளி கூப்பிட்டால் வம்புதான் என்ற எண்ணம், அந்தத் தாய் படித்த காலத்திலிருந்தே ஊறிப்போயிருக்கிறது.

இங்கே ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்பவர்களோடும், பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பக்கமும் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. காரியம் கெடுவது நடைமுறையில்தான். யாரை, எப்போது, எதற்காக அழைக்கிறோம் என்பதில் பள்ளிகள் செய்யும் சில பிழைகளையும், பெற்றோர் செய்யும் சில பிழைகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

புகாருக்கு மட்டும் ஆள் அனுப்புவது

முதல் பிழை இதுதான். மற்றவை பலவும் இதிலிருந்து கிளைப்பவை. ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளையின் வீட்டோடு ஆசிரியர் முதன்முதலாகப் பேசுவது செப்டம்பரில், அதுவும் "எழுதவே மாட்டேன் என்கிறான்" என்று சொல்வதற்காக என்றால், அந்தப் பேச்சு எப்படிப் போகும்? அம்மா தலைகுனிந்து நிற்பார். வீட்டுக்குப் போனதும் பையனுக்கு அடி விழும். மறுநாள் அவன் ஆசிரியரைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கும். எழுத்து மட்டும் வந்திருக்காது.

சேர்ந்த முதல் மாதத்திலேயே, குறை எதுவும் சொல்லாத ஒரு பேச்சு ஒவ்வொரு வீட்டோடும் நடந்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் போதும். "இன்று கதை சொல்லச் சொன்னேன், கூச்சப்படாமல் எழுந்து வந்து சொன்னாள்" என்பது போன்ற ஒரு வாக்கியம். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிய பிறகு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெரியவர்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். உப்புமாவும் சாம்பாரும் பரிமாறப்படும் அந்த நேரத்தில் ஓர் ஆசிரியர் வாசல்பக்கம் வந்து நின்றால், பாதி பெற்றோர் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

வாசல்பக்கம் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காசிமேட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பையனை அவனுடைய ஆயாதான், அதாவது பாட்டிதான், விட்டுவிட்டுப் போவார். இடுப்பில் காலியான அன்னக்கூடை, ஈரம் காயாத சேலை முனை. ஆசிரியை உள்ளே வரச் சொன்னால், "வேண்டாம் டீச்சர், மீன் வாடை அடிக்கும். இங்கேயே நிற்கிறேன்" என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அலுவலக அறையில் மேசைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் அவரை உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. கடைசியில் ஆசிரியை தாமே வெளியே போய், சுற்றுச்சுவர் ஓரத்துத் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் தெரிந்தது, பையன் இரவில் தூங்குவது ஏலம் விடும் இடத்தில், ஆயாவின் மடியில் என்பது. காலை இரண்டாவது பாடவேளையில் அவன் கண்கள் சொருகிப்போவதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கு வசதியான நேரத்தில் கூட்டம்

பெற்றோர் கூட்டம் என்றால் வேலைநாளில் முற்பகல் பதினொரு மணி. எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை, பழக்கம், அவ்வளவுதான். காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுக்கும் பெண்கள் பதினொரு மணிக்குத் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குக் கூடை காலியானால்தான் வாங்கிய கடனை அடைக்க முடியும். கொருக்குப்பேட்டையிலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் அந்த நேரத்தில் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு அரைநாள் விடுப்பு என்றால் அரைநாள் கூலி போச்சு. பிறகு வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்கிறோம்.

ஒரே நேரம் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. திருவொற்றியூர் கடலோரத்துப் பள்ளிக்குச் சரியாக வருவது மின்ட் தெருவை ஒட்டிய பள்ளிக்குச் சரிப்படாது. சேர்க்கையின்போதே "வீட்டில் யார், எந்த நேரத்தில் வர முடியும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

மீனவர் பகுதிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. பள்ளி திறக்கும் ஜூன் முதல் பாதியில் அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு கரையில்தான் இருப்பார்கள். ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அதே நாட்களில் கையில் காசும் இருக்காது. ஆகவே அந்தக் கூட்டத்தில் போய் ஜியாமெட்ரி பாக்ஸ், ஆண்டுவிழா உடை என்று பட்டியல் வாசிப்பது மகா தவறு. ஆளை வரவழைத்துப் பணம் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது.

அம்மா, அப்பா, வாட்ஸ்அப்

படிவத்தில் பெரும்பாலும் நிரப்பப்படுவது இரண்டு கட்டங்கள்தான்: தந்தை, தாய். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்புவது பல வீடுகளில் ஆயா. சில வீடுகளில் பெரியம்மா. பத்தாம் வகுப்பு படிக்கும் அக்காவாகக்கூட இருக்கலாம். யார் உண்மையில் பார்த்துக்கொள்கிறாரோ அவரோடு பேசாமல், "அம்மாவை அழைத்துக்கொண்டு வா" என்று பிடிவாதம் பிடித்தால் பேச்சு நடக்கவே நடக்காது. அம்மா இல்லாத பிள்ளையிடம் எல்லோர் முன்னிலும் அப்படிச் சொல்லிவிட்டால் வரும் வினையைச் சொல்லத் தேவையில்லை.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புப் பலகைக்கு மாற்று. அதற்குமேல் அதை நம்பக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடுகிறது. குரல் பதிவாக அனுப்பினால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்பார். ஒரு பிள்ளையின் குறையைக் குழுவில் போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஆகாது. நாற்பது வீடுகள் படிக்கும், அவற்றில் பாதி ஒரே குடியிருப்பில் இருக்கும்.

கையெழுத்துக்கு மட்டும் பள்ளி மேலாண்மைக் குழு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவின்படி குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. குழுவுக்குத் தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான்.

நடைமுறையில் என்ன ஆகிறது? தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். தலைவியாக இருக்கும் அம்மா வந்து கையெழுத்துப் போட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். "என்ன எழுதியிருக்கிறது?" என்று அவர் கேட்பதில்லை, யாரும் வாசித்துக் காட்டுவதும் இல்லை. கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாததால் மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அம்மாக்களுக்குத்தான் முதலில் தெரியும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டுமானால், கூட்டத்தில் தலைமையாசிரியர் கொஞ்சம் வாய்மூடி இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வாசித்துக் காட்டாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரே ஓர் அம்மா உறுதியாக நின்றாலும் அந்தக் குழு மாறிவிடும்.

'அரும்பு' என்றால் மக்கு என்று அர்த்தமா?

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் விட்டுப்போன கற்றலை ஈடுகட்டுவதே நோக்கம். பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். முறை நல்ல முறைதான். ஆனால் இதைப் பெற்றோருக்கு யாரும் விளக்குவதில்லை. குழாயடியில் "என் மகள் மலர், உன் மகன் இன்னும் அரும்பா?" என்று பேச்சு வந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கிறான் என்றால் ஃபெயில் ஆகிவிட்டான் என்றே வீட்டில் புரிந்துகொள்கிறார்கள். சிலர் அன்றிரவே டியூஷன் தேடுகிறார்கள், சிலர் பெல்ட்டைத் தேடுகிறார்கள்.

பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் தவறாமல் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது, அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியருக்கு வகுத்திருக்கும் கடமை. நிலையின் பெயரை மட்டும் சொல்வது அதில் சேராது. "உயிர்மெய் எழுத்து தெரியும், ஒற்று வரும் இடத்தில் தடுமாறுகிறான். தினமும் கடைப் பெயர்ப் பலகை இரண்டை வாசிக்கச் சொல்லுங்கள்" என்றால் எந்தத் தாய்க்கும் புரியும்.

பகுதியின் பெயரைப் பிள்ளையின் மேல் ஒட்டுவது

"இந்த ஏரியா பிள்ளைகள் இப்படித்தான்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்லி, மற்றவர்கள் சிரித்தால், அது ஒரு வாரத்துக்குள் வீடுகளுக்கு எட்டிவிடும். வடசென்னையைக் கத்தியும் ரத்தமுமாகக் காட்டித் திரையில் காசு பார்த்தவர்கள் பார்க்கட்டும். பள்ளிக்கு அந்த வேலை வேண்டாம். பிள்ளையின் பேச்சுத் தமிழைக் கேலி செய்வதும், வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டுவதும் இதே வகைதான். கேரம் பலகையையும் கால்பந்தையும் வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் இதே பிள்ளைகளை ஒழுங்காக வழிநடத்தும் அண்ணன்மார் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பல பள்ளிகளுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

பெற்றோர் பக்கத்துத் தவறுகள்

சாப்பிடாத பிள்ளையிடம் "டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்கிறேன்" என்பது பரம்பரைப் பழக்கம். நிஜமாகவே பள்ளிக்கு வந்து, "நன்றாக அடித்துச் சொல்லிக் கொடுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று அனுமதி தருபவர்களும் உண்டு. அந்த அனுமதி செல்லாது. உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பெற்றோர் சம்மதித்தாலும் அது மாறாது. ஆசிரியரைப் பூச்சாண்டியாக்கினால், வயிறு வலிக்கிறது என்று சொல்லக்கூடப் பிள்ளை அவரிடம் போகாது.

இரண்டாவது, பிள்ளைகளின் சண்டையைப் பெரியவர்கள் வாங்கிக்கொள்வது. பென்சிலுக்காக அடித்துக்கொண்ட இருவர் மதிய உணவுக்குள் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுடைய வீடுகள் மாதக்கணக்கில் முகம் பார்க்காது. பள்ளி வாசலில் இன்னொரு வீட்டுப் பிள்ளையை நேரடியாக மிரட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. வகுப்பாசிரியர், அடுத்து தலைமையாசிரியர், அங்கும் நடக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண். குழந்தைக்குத் தீங்கு என்ற சந்தேகம் வந்தால் யாரையும் கேட்கத் தேவையில்லை, நேராக 1098.

மழைக்குப் பிறகும், இடம் மாறும்போதும்

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பெருமழை என்றால் பள்ளிக்கூடம்தான் முகாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. இப்படிப்பட்ட வாரங்களுக்குப் பிறகு பள்ளி திறக்கும் முதல் நாளில் "யூனிஃபார்ம் எங்கே, நோட்டு எங்கே?" என்று கேட்பதுதான் உறவை ஒரே அடியில் முறிக்கும் கேள்வி. யார் வரவில்லை, அவர்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதுதான் அன்றைக்குக் கேட்க வேண்டியது. இதற்கான விடை பெரும்பாலும் சத்துணவு ஆயாவுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர்கள் அதே தெருவில் குடியிருப்பவர்கள். பள்ளியின் கூட்டங்களுக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை.

பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போதும், கரையோரக் குடிசைகளை அகற்றிப் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பும்போதும், நடு வருடத்தில் பிள்ளைகள் பள்ளி மாறுகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்ற காரணத்தைச் சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் புறப்படும் குடும்பத்திடம் சொல்லி அனுப்பும் பள்ளிகள் மிகக் குறைவு. சான்றிதழைக் கையில் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். புதிய பள்ளியின் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டு, "இவள் கணக்கில் கெட்டி, புதிய ஆட்களிடம் ஒரு வாரம் பேச மாட்டாள், அவசரப்படுத்த வேண்டாம்" என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது.