ஐடியூன்ஸைப் புதுப்பித்த பிறகு பாட்டு அனுமதி கேட்டால்

அப்பிளின் பாட்டுச் செயலியான ஐடியூன்ஸைப் புதுப்பித்ததும், நேற்றுவரை ஒலித்த பாட்டுகள் அனுமதி கேட்டு நின்றால் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். பாட்டு பழுதாகவில்லை, அதைத் திறக்கும் சாவிதான் பொருந்தவில்லை.

பாட்டில் வலது கிளிக் செய்து, 'சோங் இன்ஃபோ'வில் 'ஃபைல்' பகுதியைத் திறவுங்கள். வகை 'புரொடெக்டட் ஏஏசி' என்றிருந்தால் அது, அனுமதி கொடுக்காத கணினியில் ஒலிக்காதபடி பூட்டோடு விற்ற பழைய பாட்டு. 2009இல் அப்பிள் புதிதாக விற்கும் பாட்டுகளில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. வாங்கிய கணக்கின் பெயரும் அங்கேயே இருக்கும். யாழ்ப்பாணத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள்: கனடாவிலோ லண்டனிலோ இருந்து சித்தப்பா அனுப்பிய லப்டொப் என்றால், பாட்டும் அவருடைய அப்பிள் ஐடியில் வாங்கியதாக இருக்கலாம். அதற்கு உங்கள் கடவுச்சொல் உதவாது. அவர் ஊருக்கு வரும்போது அவரைக்கொண்டே அவருடைய கடவுச்சொல்லை அடிப்பியுங்கள்.

சரியான கணக்கைக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், ஐடியூன்ஸை மூடுங்கள். விண்டோஸில் மறைந்த கோப்புறைகளைக் காட்டச் செய்து, சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா', 'அப்பிள் கம்பியூட்டர்', 'ஐடியூன்ஸ்' என்று உள்ளே போய் 'எஸ்சி இன்ஃபோ' கோப்புறையை மட்டும் அழியுங்கள். சாவிகள் இருப்பது அதற்குள்தான். கணினியை மறுபடி தொடக்கி, 'அக்கவுண்ட்' மெனுவின் 'ஓதரைசேஷன்ஸ்' வழியாகப் புதிதாக அனுமதி கொடுங்கள்.

ஒரு கணக்குக்கு 5 கணினிகளில்தான் அனுமதி கொடுக்கலாம். நிரம்பிவிட்டால், கணக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கலாம், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். விண்டோஸை மீண்டும் நிறுவ முன், ராம் (நினைவகம்) மாற்ற முன், அனுமதியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அதே கணினி ஒன்றுக்கு மேற்பட்ட இடம் பிடிக்கலாம்.