விசைப்பலகை கெட்டுவிட்டதா? கடைக்குப் போகுமுன் இவற்றைப் பாருங்கள்

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தட்டுவது ஒன்று, வருவது வேறு என்றால் பல நேரம் தவறிப்போய் அழுத்திய ஒரே விசைதான் காரணம். இங்குள்ள வழிகள் விண்டோஸ் 11 கணினிக்கானவை.

எழுத்துக்குப் பதில் எண் வருகிறதா?
சில சிறிய மடிக்கணினிகளில் நம்லாக் (Num Lock, எண் விசைகளை இயக்கும் விசை) இயங்கினால் யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 தரும். ஜே, கே, எல் 1, 2, 3 தரும். அந்த விசைகளின் ஓரத்தில் குட்டி எண் அச்சிட்டிருக்கும். எஃப்என் (Fn) விசையைப் பிடித்தபடி நம்லாக்கைத் தட்டினால் சரியாகிவிடும். வலப்பக்கம் தனி எண்பலகை உள்ள கணினியில் நிலைமை நேர்மாறு: நம்லாக் அணைந்திருந்தால் அங்கே எண்ணே விழாது. கடவுச்சொல் 'தவறு' என்று வருவதற்கு இதுவும், கேப்ஸ் லாக்கும் வழக்கமான காரணங்கள்.

மின்னஞ்சல் குறி எங்கே போனது?
ஷிஃப்டுடன் 2-ஐத் தட்டினால் @ வர வேண்டும். மேற்கோள் குறி வந்தால் கணினி பிரிட்டிஷ் அமைப்பில் இருக்கிறது. இங்கே விற்பவற்றில் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பே அச்சிட்டிருக்கும்.
1. செட்டிங்ஸ், டைம் அண்ட் லேங்குவேஜ், லேங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று செல்லுங்கள்.
2. ஆங்கிலத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, லேங்குவேஜ் ஆப்ஷன்ஸைத் திறங்கள்.
3. 'யுஎஸ்' விசைப்பலகையைச் சேர்த்த பிறகே பிரிட்டிஷ் அமைப்பை நீக்குங்கள்.
தமிழ் விசைப்பலகையும் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். தெரியாமல் கை பட்டாலும் மாறிவிடும், கவனம்.

எஃப்2 தட்டினால் ஒலி குறைகிறதா?
எஃப்என் விசையைச் சேர்த்துப் பிடியுங்கள். பல கணினிகளில் எஃப்என்னுடன் எஸ்கேப்பைத் தட்டினால், எஃப்என் பிடிக்காமலே எஃப்2 போன்றவை வேலை செய்யும்படி நிரந்தரமாக மாறும்.

விசைகள் செத்ததுபோல் இருக்கின்றனவா?
வலது ஷிஃப்டை 8 வினாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் வேகமான தட்டல்களைக் கணினி கண்டுகொள்ளாது. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, கீபோர்டு சென்று அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரை விசைப்பலகையைத் திறங்கள். அதில் சுட்டியால் தட்டினால் எழுத்து விழுந்து, கையால் தட்டினால் மட்டும் விழாவிட்டால் பழுது விசையில்தான்.

தே தாரேக் (பால் தேநீர்) கொட்டியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, பவர் விசையை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், விசைகள் வளைந்துவிடும். வெறும் தண்ணீரைவிட தே தாரேக் மோசம்: சீனியும் பாலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் காய்ந்துவிட்டதென்று இயக்கிப் பார்க்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.