ஐவிஐஜி ஏத்தும்போது கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

ஜிபிஎஸ், சிஐடிபி (இரண்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கைகால் பலவீனமாகும் நோய்கள்), மயஸ்தீனியா (தசைகள் சோர்ந்து போகும் நோய்) என்று நரம்பு வார்டில் சேர்த்தவருக்கு ஐவிஐஜி, அதாவது தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரத மருந்தை, ரத்தக்குழாய் வழியாக ஏத்தப் போகிறார்கள் என்றால், கூட இருப்பவர் முதலில் அவசரத்தை வீட்டில் வைத்துவிட்டு வரணும். தலைவலி, குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்புவலி, பிரஷர் ஏறி இறங்குவது எல்லாம் பெரும்பாலும் மருந்து ஏறும் வேகத்தால் வருபவை, வேகத்தைக் குறைத்தாலே பலருக்கு அடங்கிவிடும். கோபிக்குக் கடைசி பஸ் போயிருமுங்க, கொஞ்சம் சீக்கிரம் ஏத்துங்க சிஸ்டர் என்று கேட்காதீர்கள். மூச்சுத் திணறலோ, தொண்டை இறுக்கமோ, உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் உடனே கூப்பிடுங்கள்.

ஏத்தும் முன்னாடியே கிட்னிக் கோளாறு, ஒற்றைத் தலைவலி, ஹார்ட் பிரச்சினை, முன்பு காலில் ரத்தம் கட்டியது எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் நீர் வற்றினால் கிட்னிக்கு ஆபத்து, அதனால் தண்ணீர் முக்கியம். ஆனால் பார்க்க வருகிற சொந்தபந்தம் பொள்ளாச்சி இளநீரோடுதான் வரும். கிட்னி பலவீனமானவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சில கம்பெனி மருந்தில் மால்டோஸ் என்ற வேறொரு வகைச் சர்க்கரை கலந்திருக்கும், சில குளுக்கோமீட்டர்கள் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணி இல்லாத சர்க்கரையைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமாகிவிடும், உயிருக்கே கூட ஆபத்து. நம்ம மீட்டர் சரிப்படுமா என்று கேளுங்கள், சந்தேகமென்றால் லேபில் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஓரிரு நாளில் மண்டை பிளக்கிற வலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, வாந்தி என்று வந்தால் மூளை உறையில் அழற்சியாக இருக்கலாம், கிருமியால் வருவது இல்லை, பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனாலும் டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ ராத்திரியென்று பார்க்காமல் கிளம்புங்கள். நடமாட்டமில்லாமல் படுத்தே கிடப்பவருக்கு ரத்தம் கட்டும் அபாயம் இன்னும் கூடுதல்.

அடுத்த பத்து நாளுக்குள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போய், கண் மஞ்சளாகி, சோர்ந்து போனால் ரத்த அணுக்கள் உடைகின்றன என்று அர்த்தமாகலாம். ஏ, பி, ஏபி குரூப்காரர்களுக்கு இது அதிகம். மஞ்சள் என்றதும் கீழாநெல்லி அரைக்க ஆரம்பிப்பது நம்ம ஊர்ப் பழக்கம், இங்கே அது வேலைக்காகாது, ரத்தப் பரிசோதனைதான் வேணும்.

உள்ளங்கையில் அரிப்பும் கொப்புளமும் சிலருக்கு வரும், களிம்பில் அடங்கும். தட்டம்மைக்குப் போடும் எம்எம்ஆர் மாதிரி, வலுவிழந்த உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி போடுவதானால் சில மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள். அப்புறம், பாட்டிலில் ஒட்டியிருக்கும் கம்பெனி பெயரையும் பேட்ச் நம்பரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த தடவை வேறு கம்பெனி மருந்து வந்தால் சிஸ்டரிடம் காட்டி முதலில் மெதுவாகவே ஏத்தச் சொல்லலாம்.