அமைதி தேடும் கலைஞர்கள் பினாங்கில் செய்யும் தவறுகள்

எழுதவோ வரையவோ உட்காருபவர்கள் முதலில் குறைபட்டுக்கொள்வது ஊர்ச் சத்தத்தைப் பற்றித்தான். லிட்டில் இந்தியாவில் லெபு பசார் முழுக்கக் கடைக்குக் கடை ஒலிபெருக்கி. தீபாவளி நெருங்கிவிட்டால் ஒரு கடைப் பாட்டின் மேல் அடுத்த கடைப் பாட்டு ஏறிக்கொள்ளும். இதிலிருந்து தப்பிவிட்டால் சிந்தனை தானாக ஊறும் என்று நம்புவது முதல் தவறு. தெருச் சத்தம் நம்மிடம் பதில் கேட்பதில்லை. "இன்னிக்குள்ள நாலு வரி எழுதிக் குடுத்துருங்கண்ணே, விளம்பரம் நாளைக்குப் போவணும்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் குரல்பதிவுதான் கேட்கிறது. அதற்கு ஒரு முறை பதில் போட்டாலே அன்றைய காலை கைவிட்டுப் போய்விடும்.

அந்தக் கைத்தொலைபேசியையும் தூக்கிக்கொண்டு கொடிமலை ஏறி என்ன பயன்? 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் இன்றும் நம்மைக் குளிர்ந்த காற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் பள்ளி விடுமுறையில் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். எப்போதாவது ஒரு பெரிய பயணம் போவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடமும் தினமும் மாறாத ஒரு நேரமும்தான் வேலைக்கு ஆகும்.

அடுத்தது, என் கண்ணுக்கு மிகக் கெடுதலானது: இன்னும் முடிக்காத வேலையை ஊருக்குக் காட்டிவிடுவது. தண்ணீர்மலைப் பக்கம் 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரங்கள் உண்டு. பூக்கள் இலைகளுக்கிடையே வராமல் அடிமரத்திலிருந்து நீளும் காம்புகளில் வரும். இதழ்களுக்கு நடுவில் பாம்புப்படம் கவிந்ததுபோல் ஒரு வளைவு, அதன் நிழலில் ஒரு சின்ன மேடு. அந்த வளைவு எங்கே மடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே ஒரு காலை போதாது. பாதி வரைந்ததும் ஓவியர் அதை முகநூலில் போடுகிறார். வருகிற பாராட்டெல்லாம் இதழின் சிவப்புக்குத்தான். மறுநாள் தூரிகை சிவப்பைத் தேடிப் போகிறது. வளைவு திருத்தப்படாமலே நின்றுவிடுகிறது. பார்ப்பவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் படத்தில் இன்னும் வராததைப் பற்றி அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? முடியும் வரை யாரிடமும் காட்டாதீர்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால், குறையை முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள்.

அமைதி வேண்டுமென்று மனிதர்களையே ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலை நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள். அன்று அங்கே ஒரு வரி எழுத முடியாதுதான். எழுத வேண்டாம், போய் நில்லுங்கள். காவடி எடுக்கும் தம்பிக்குத் திருநீறு பூசிக்கொண்டே "சாப்பிடாம வந்துட்டியாடா?" என்று அதட்டும் அக்காவின் குரலைக் கேட்காதவர் எந்த அக்காவை எழுதப்போகிறார்?

கடைசியாக, வணிக வேலையை மொத்தமாக உதறிவிடுவது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. மலேசியாவில் தமிழில் எழுதுவோருக்கு இருக்கும் இடமே சிறிது. விளம்பர வாசகமும் தொலைக்காட்சிக்கென்று எடுக்கும் தீபாவளி டெலிமூவியும் வாடகை கட்ட உதவும். வாடகைக் கவலையைவிடப் பெரிய இரைச்சல் எனக்குத் தெரிந்து இல்லை. வேலையை எடுங்கள், ஆனால் தெளிந்த காலை நேரத்தை அதற்குத் தராதீர்கள். அதை மதியத்துக்குத் தள்ளுங்கள். எவ்வளவு பணம், எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தம் என்பதை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். திருத்தத்துக்கு எல்லை போடாத வேலைதான் இரவு பதினொரு மணிக்கும் கூப்பிடும்.