பாட்டுத் தொகுப்பு: அசல் டிரைவில், காப்பு கிளவுடில்

முதலில் தொகுப்பின் அளவைக் கணக்குப் பாருங்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி பிடிக்கும். சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 7 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 10,000 இருந்தால் ஃபிளாக்கில் சுமார் 300 ஜிபி ஆகும். 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) அப்லோடு வேகத்தில், இடையில் நிற்காமல் ஓடினாலே ஏற்றி முடிக்க 33 மணி நேரம் வேண்டும். திரும்ப இறக்கவும் நேரம் பிடிக்கும்.

அதனால் அசல் உங்கள் கையிலுள்ள டிரைவில் இருக்கட்டும். கிளவுட், வீட்டுக்கு வெளியே இருக்கும் காப்பு, அவ்வளவுதான். பாட்டுகளைக் கிளவுடில் ஏற்றி வைக்க உதவிய கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டபோது, அசலைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பதற வேண்டியிருக்கவில்லை.

இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று தினசரிக்கு. மற்றதை மாதம் ஒருமுறை இணைத்து, நகலெடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள். அலமாரியில் கிடக்கப்போகும் டிரைவுக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதிலுள்ள தரவு மெல்ல அழியக்கூடும். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத எக்ஸ்ஃபேட் ஃபார்மட் போதும். ஆனால் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி (:), கேள்விக்குறி இருந்தால் அது ஏற்காது. நகலெடுக்கும்போது அந்தப் பாட்டு மட்டும் விடுபட்டுப் போகும். பெயர்களை முன்பே திருத்திவிடுங்கள்.

பலர் தொகுப்பை இழப்பது சிங்க் வசதியை (இரு பக்கமும் ஒரேபோல் இருக்கச் செய்வது) காப்பு என்று நம்புவதால்தான். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் சிங்க் அதைக் கிளவுடிலும் அழிக்கும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அபூர்வமாகக் கேட்கும் ஆல்பம் காணாமல் போனது அதற்குள் உங்கள் கண்ணில் படாது. கிளவுடுக்குக் கோப்புகளை ஏற்றும் ஆர்க்ளோன் என்ற நிரலைப் பயன்படுத்தினால் 'சிங்க்' கட்டளையை விட்டு 'காப்பி' கட்டளையைக் கொடுங்கள். அது கிளவுடில் இருப்பதை அழிக்காது. ஏற்றி முடிந்ததும் 'செக்' கட்டளை இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று சொல்லிவிடும்.

ஆனால் அசலே கெட்டிருந்தால் கெட்ட கோப்புதான் ஏறும். ஃபிளாக் கோப்புக்குள் பொதுவாக அசல் ஒலியின் எம்டி5 எண் (ஒலித் தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பதிவாகியிருக்கும். மாத நகலுக்கு முன் ஃபிளாக் நிரலின் 'டெஸ்ட்' சோதனையை ஓட்டினால், சிதைந்த பாட்டு எது என்று தெரியும். எம்பி3-இல் இந்த வசதி இல்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) பட்டியல் எடுத்து, இரண்டாவது டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிதைந்த பாட்டு சிக்கினால், அதை மட்டும் மற்ற நகலிலிருந்து எடுத்துப் போட்டு, மறுபடி சோதித்த பிறகே நகலெடுங்கள்.